புஷ்பராணி மாற்றிய கடைசி அத்தியாயம்

டிசம்பரில் தாண்டிக்குடி மலையில் மை காயாது. காகிதமே மூடுபனியைக் குடித்து நமத்துப்போயிருக்கும். பேனா வைத்த இடத்தில் எழுத்து ஊறிப் பரவும்... எழுதிய தாளை ஒவ்வொன்றாக விறகடுப்புச் சூட்டில் காட்டி எடுப்பேன். என் ஆரம்பகால நாவல்கள் எல்லாவற்றிலும் புகை வாசம் அடித்தது அதனால்தான்.

எண்பதுகளின் தொடக்கம். காப்பி எஸ்டேட்டில் கிளார்க் வேலை. காலையில் ஆள் பேர் கூப்பிட்டு எழுதுவது. மற்ற நேரமெல்லாம் மாத நாவல் எழுதுவது.

மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய காலம் அது. தொண்ணூற்றாறு பக்கம், ஒரு காதல். பாதிக் கதைகள் கொடைக்கானலில் நடக்கும். ஏரி, படகு, மூடுபனி, ஸ்வெட்டர் போட்ட கதாநாயகி. அதே மூடுபனியில் ஈரச் சேலையோடு காப்பிப் பழம் பறிக்கிறவள் ஒருத்திகூட அந்தத் தொண்ணூற்றாறு பக்கத்தில் வரமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களை எழுதினேன். காதலிப்பார்கள், சாதி குறுக்கே நிற்கும், கடைசி அத்தியாயத்தில் செத்துப்போவார்கள். அதுதான் யதார்த்தம் என்று அடித்துச் சொல்வேன்.

மூன்று நாவல்கள் எழுதினேன். மூன்றும் திரும்பி வந்தன.

தபால்காரர் டீக்கடை வாசலிலேயே சத்தம் கொடுப்பார். "என்னப்பா எழுத்தாளரே, கட்டிக்குடுத்த பொண்ணு திரும்பி வந்திருச்சு. மாப்ள வீட்டுல பிடிக்கலியாம்ல!"

மூன்றாவது உறைக்குள் எடிட்டர் ஒரு வரி எழுதியிருந்தார். 'கையெழுத்து புரியவில்லை.'

அதனால்தான் புஷ்பராணியிடம் போனேன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளுடைய சின்ன வயதில் கப்பலேறி வந்த குடும்பம். எங்கள் எஸ்டேட்டில் பழம் பறித்தாள். லயத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவளும் அவள்தான். அச்சு மாதிரி கையெழுத்து. என் நான்காவது நாவலை நகல் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பி காயப்போடும் களத்து ஓரம் உட்கார்ந்து எழுதுவாள். தாளின் ஒரு பக்கம் மட்டும். இடது புறம் இரண்டு விரல் இடம் விட்டு... காற்றுக்குப் பறக்காமல் தாளின் மேல் ஒரு கல். கொஞ்சம் தள்ளி நான்.

"கிளாக்கரய்யா, இந்தப் புள்ளையும் சாகப்போகுதா?"

"இப்பவே சொல்ல முடியாது."

"ஒங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது. பேசாம மொதப் பக்கத்துலயே கொன்னுடுங்க. எனக்கு மை மிச்சம்."

நாவலின் நாயகன் ஒரு எஸ்டேட் கிளார்க். நாயகி சிலோனிலிருந்து வந்தவள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நாவல் அச்சானதும் அவளிடம் கேட்டுவிடுவது என்றிருந்தேன், கட்டிக்கொள்ளலாமா என்று. அதுவரைக்கும் தள்ளிப்போட அது ஒரு சாக்கு. வத்தலக்குண்டில் இருந்த என் அப்பா வேறு சாதிப் பெண்ணை ஏற்கமாட்டார் என்ற பயம். சமூகத்தைக் கிழிகிழி என்று கிழித்த பேனா, அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதவில்லை.

அவள் கடைசித் தாள்களைக் கொண்டுவந்தபோது தபால் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. படித்துப் பார்க்காமல் உறையை ஒட்டி ஏற்றிவிட்டேன்.

ஒரு மாதத்தில் எடிட்டரின் கடிதம். 'நாவலை வெளியிடுகிறோம். கதாநாயகி பஸ் ஏறிப்போகும் முடிவு நெஞ்சைத் தொட்டது.'

என்ன பஸ்? நான் அவளை அருவியில் விழவைத்திருந்தேன்!

நேராகக் களத்துக்குப் போனேன். பழத்தைக் கிளறிக்கொண்டிருந்த அத்தனை பெண்கள் முன்னாலும் கத்தினேன். "நகல் எடுக்கச் சொன்னா கதைய மாத்துவியா? யாரு கேட்டா ஒன்னைய?"

அவள் கையிலிருந்த கிளறுபலகையைக் கீழே வைக்கவில்லை.

"தோட்டத்த விட்டுட்டு வந்தோம். கப்பல்ல வந்தோம், முகாம்ல கெடந்தோம். சாகலையே கிளாக்கரய்யா. ஒங்க கதை முடியணும்னா நாங்க சாகணுமா?"

"யதார்த்தம்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

பக்கத்தில் நின்றவள் சிரித்துவிட்டாள். "அவளுக்கா தெரியாது!"

புஷ்பராணி சிரிக்கவில்லை. "சும்மா கதைக்காதீங்க. நான் எழுதினத இன்னும் நீங்க படிக்கல. புஸ்தகம் வரட்டும். படிச்சிட்டு வந்து பேசுங்க."

அதற்கப்புறம் அவளிடம் நான் பேசவில்லை. ரோஷம். காலையில் பேர் கூப்பிடும்போது "புஷ்பராணி" என்பேன். "இருக்கேன்" என்பாள். இரண்டு மாதம் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

ஒரு நாள் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. கோத்தகிரிப் பக்கம் தேயிலை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். போகட்டும் என்று பேரின் மேல் கோடு போட்டேன்.

பத்து நாள் கழித்துப் புத்தகம் வந்தது. அட்டையில் ஏரியும், ஸ்வெட்டர் போட்ட ஒருத்தியும்! தபாலாபீஸ் வாசலில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

நாயகி, கிளார்க்கின் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறாள். அவன் ஆள் பேர் எழுதும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"நான் போறேன். நீங்க கூப்பிட்டா நிக்கிறேன். கூப்பிடுவீங்களா?"

அவன் தலை நிமிரவில்லை. பஸ் வருகிற வரைக்கும் அவள் அங்கேயே நிற்கிறாள்...

கோத்தகிரிக்கு இரண்டு முறை போனேன். மலை மலையாக லயங்கள். எந்த லயத்திலும் அவளைத் தெரிந்தவர்கள் இல்லை.

நாவலுக்கு நிறையப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. எல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்துக்கு. அட்டையில் என் பேர் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகும் எழுதினேன், அச்சும் ஆயின. எந்தக் கதாநாயகியையும் நான் கொல்லவில்லை.

இப்போது இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். நகல் எடுக்க ஆள் வேண்டாம், தபால் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். அனுப்பிய மறு நிமிடம், இந்த குரூப்பில் நீங்கள் எல்லோரும் படித்துவிட்டீர்கள் என்று இரண்டு நீல டிக்குகள் வந்து நிற்கும்.

நான் படித்துவிட்டேன் என்பது மட்டும் அவளுக்கு இன்றுவரை தெரியாது.