மாமாவுக்கு ஓய்வு தராத நிரல்

அக்காவின் கணவர் தேநீர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டின் அடியில் சிந்துவதை வாரிப் போடுவது அவர் வேலை. ஆள் அனுப்பும் ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனம் கூப்பிடும்போது போவார். "நின்னுகினே தூங்கிட்டேம்மா. கூட இருந்தவன் கயிற இழுத்து பெல்ட்ட நிறுத்தலன்னா நான் இல்ல" என்றார், பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொல்வதுபோல. தொடர்ந்து மூன்றாவது ஷிப்டாம். ஏன் போனீர்கள் என்று அக்கா சத்தம் போட்டாள். போகவில்லையென்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்றார்.

அந்த நிறுவனத்துக்கு ஷிப்ட் போடும் மென்பொருளை எழுதியவள் நான்தான். யார் எப்போது வேலை முடித்தார்கள் என்று பார்த்து, ஓய்வு போதாதவர் பெயரை அது தள்ளிவைக்க வேண்டும். இதைச் சொல்லி வீட்டில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

நாங்கள் எல்லோரும் இருக்கும் சுரங்கக் குவார்ட்டர்ஸ் முன்னறையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். நிரலில் 'ஊழியர்' என்று ஒரு தாய் வகுப்பு, எல்லோருக்கும் பொதுவான அச்சு மாதிரி. அதிலிருந்து மாதச் சம்பளக்காரர், தினக்கூலிக்காரர் என இரண்டு பிள்ளை வகுப்புகள். வேலை முடித்த நேரத்தைத் தாய் வகுப்பில் பிரைவேட் என்று பூட்டி வைத்திருந்தேன். வெளியாள் மட்டுமல்ல, பிள்ளையும் அதைத் தொட முடியாது. மாதச் சம்பளக்காரருக்குத் தாயின் சோதனையே போதுமானதாக இருந்தது. தினக்கூலிக்காரரைக் கூப்பிடும் முறை வேறு என்பதால் அவர்களுக்குத் தனிச் சோதனை எழுதினேன். அதற்கு அந்த நேரம் தேவைப்பட்டது, கணினி தர மறுத்தது. நான் என்ன செய்தேன்? அதே பெயரில் அவர்களுக்கென்று தனியாக ஓர் இடம் உண்டாக்கினேன். எங்கள் ஊர்ப் புத்தி அது. காண்ட்ராக்ட் ஆள் என்றால் கேட்டில் காட்டும் பாஸ் தனி, வரிசை தனி. இதுவும் தனியாக இருப்பதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. வேலை முடித்த நேரம் எல்லோருக்கும் தாயின் இடத்தில்தான் பதிவானது; அந்தத் தனி இடத்தில் யாரும் எதையும் எழுதவில்லை. அது எப்போதும் காலியாகவே கிடந்தது. காலி என்றால் நன்றாக ஓய்வெடுத்தவர் என்று நிரல் எடுத்துக்கொண்டது.

தனி இடத்தை அழித்தேன். தாய் வகுப்பில் பிரைவேட்டை எடுத்துவிட்டு புரொடெக்டட் என்று போட்டேன். வெளியாளுக்குப் பூட்டு அப்படியே இருக்கும், அதிலிருந்து பிறந்தவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சொல்தான். மாமாவின் மூன்று ஷிப்டையும் போட்டுப் பார்த்தேன்; இரண்டாவதிலேயே அவர் பெயரைத் தள்ளிவைத்தது. அழுகை வந்தது. நிறுவனத்துக்காரருக்குப் போன் செய்து தப்பு என்னுடையது என்று சொல்லி, அப்போதே மாற்றிக் கொடுத்தேன்.

மறு வாரமே ஒரு மத்தியானம் மாமா கலவரத்தோடு வந்தார். கூப்பிட்ட மேஸ்திரியே திரும்பப் போன் செய்து, கம்ப்யூட்டர் உங்கள் பெயரை ஏற்கவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றாராம். பெயரை எடுத்துவிட்டார்களோ என்று பயம். எடுக்கவில்லை, ஓய்வுக்காக நிறுத்தியிருக்கிறது என்றேன். அன்றைக்கு நடந்ததற்குக் காரணமே நான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"மாசச் சம்பளத்து ஆளுங்களுக்கும் இதேதானா?"

"இதேதான் மாமா. அதே நேரக்கணக்கு."

மாமா போனை அணைத்து அக்காவிடம் நீட்டிவிட்டு, எங்கள் கூடத்திலேயே துண்டை விரித்துப் படுத்தார். பட்டப்பகலில், யாருக்கும் பயப்படாமல், குறட்டை விட்டுத் தூங்கினார்.