அம்மாவுக்குக் காய்ச்சல் வரவில்லை

அறுவை அரங்குக்குள் ஒரு டிவிப் பெட்டி நுழைந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெர்மோகோல் துண்டுகள் வாசல் முழுக்கச் சிதறிக் கிடந்தன. டிவியோடு கூட நீளமான ஒரு குழல், நுனியில் கேமராவும் விளக்கும், கம்பி போல் மெல்லிய சில கருவிகள். "கிரிக்கெட் மேட்ச் போடுவீங்களா சார்?" என்று அட்டெண்டர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது யாருக்காக வந்து இறங்கியது என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மதுரையில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் தலைமை மருத்துவரான சீஃபுக்குக் கீழே அறுவை சிகிச்சைக்கு நாங்கள் இரண்டு பேர், நானும் அவனும். கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே விடுதி. அவன் சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் தறி ஓடியது. "நூல் பிடிச்ச விரலுல்ல, அதான் அம்புட்டு நயம்" என்று நர்சுகள் அவனை மெச்சும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடிப்பட்டியில் எங்கள் வீட்டில் நெல் வியாபாரம். நெல் அளந்த கை என்று என்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? பித்தப்பையில் கல் என்றால் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழித்து, அதைச் சுத்தமாக எடுத்து வெளியே வைப்பதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அவன் கோயம்புத்தூர் போய்ச் சில மாதம் பழகிவிட்டு வரும்வரை கிடையாது. வந்தவன் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டான். ஒன்றில் கேமராவை விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுத்தான். சிம்மக்கல்லில் மொத்தக்கடை வைத்திருந்த ஒருவர் என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "டிவில பாத்து ஆபரேசன் பண்றாராமே, அந்த டாக்டரு எங்கண்ணே இருக்காரு?" என்று என்னிடமே கேட்டார். கையைக் காட்டிவிட்டேன். வேறென்ன செய்ய?

என் நோயாளிகள் ஒரு வாரத்துக்கு மேல் படுத்துக் கிடப்பார்கள். காய்ச்சல் அடிக்கும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டு "ஆத்தா" என்று அலறுவார்கள். அவன் நோயாளிகள் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்கள். போகிறபோது எனக்கும் ஒரு கும்பிடு போடுவார்கள், அதுதான் தாங்காது. "என்ன மாப்ள, மூஞ்சி செத்துப்போய்க் கெடக்கு? வா, டீ குடிப்போம்" என்பான் அவன். நல்லவன் வேறு. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

ஒருநாள் சீஃபிடம் போய் நின்றேன். "தோலைத்தான் சார் சின்னதா வெட்டுறான். உள்ள எடுக்குறது அதே பித்தப்பை. ஊர் ஏமாறலாம், உடம்பு ஏமாறாது" என்றேன். உடம்பில் எங்கே வெட்டுப்பட்டாலும் உள்ளே ஒரு பெரிய அமளி கிளம்பும். அழற்சி என்று அதற்குப் பெயர். வீக்கம், சூடு, காய்ச்சல் எல்லாம் அதன் வேலை. அப்போது கல்லீரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டும், சி.ஆர்.பி. என்போம். அறுவை முடிந்த இரண்டாம் நாள் வாக்கில் அதை அளந்தால், தனக்கு எவ்வளவு அடி விழுந்ததாக உடம்பு நினைக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் நோயாளிகளுக்கும் அளந்து பார்ப்போம், எண் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். ஆராய்ச்சியில் இவ்வளவு ஆர்வமா என்று சீஃப் பாராட்டினார். ஆர்வமாவது மண்ணாவது, எல்லாம் வயிற்றெரிச்சல்.

என் ஆட்களுக்கு அந்த எண் எகிறியது. அவன் ஆட்களுக்கு லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடங்கியது. லேப்காரரைத் திட்டினேன். வேறு லேபுக்கு அனுப்பினேன். அங்கேயும் அதே கதைதான். கேண்டீனில் வடையைப் பிய்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "மாப்ள, பித்தப்பை போனதுக்கு உடம்பு சத்தம் போடல. நாம போன பாதைக்குத்தான் சத்தம் போடுது. நீ சதையெல்லாம் அறுத்துக்கிட்டுப் போற, நான் சந்துக்குள்ள நொழஞ்சு போறேன்." எனக்கும் அது புரிந்தது. புரிந்ததுதான் கூடுதல் எரிச்சல். பின்னாளில் நானும் அவனிடமே அதைக் கற்றுக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. இன்றும் பைபாஸ் ரோட்டில் அவனுடைய மருத்துவமனைப் பலகையைத் தாண்டும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

நான் அதைக் கற்றுக்கொள்வதற்கு முன்பு, இந்த லட்சணத்தில்தான் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அவனைப் பற்றிப் புலம்புவதை, ரத்தத்தை அளந்த கதை உட்பட, கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டவள் அவள். சொந்தத் தாய்மேல் கத்தி வைக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. சீஃபைக் கொண்டு வயிற்றைத் திறந்தே செய்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தேன். புது முறை, அவனுக்கு அனுபவம் போதாது, உள்ளே ரத்தம் கசிந்தால் என்ன செய்வது என்று காரணங்களை அடுக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "உன்னையப் பெக்கையில கிழிச்சது மழை பேஞ்சா இன்னமும் இழுக்குதுய்யா. இன்னொருக்கா கிழிக்க நான் ஆளில்ல. அந்தத் தம்பியவே செய்யச் சொல்லு."

அரங்கின் மூலையில் நின்று, என்னைச் சுமந்த வயிற்றின் உட்புறத்தை டிவியில் பார்த்தேன். ஒரு சின்னத் தப்பாவது செய்வானா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். செய்யவில்லை, பாவி.

இரண்டாம் நாள் அம்மாவின் ரத்தம் லேபுக்குப் போனது. எண் ஏறக் கூடாது தாயே என்று மீனாட்சியை மனதார வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒருவன், கொஞ்சம் ஏறட்டும், லேசாக ஒரு காய்ச்சலாவது அடிக்கட்டும், அந்த டிவி டாக்டர் வாய் அடங்கட்டும் என்றான். அவன் ஒருநாளும் வாயைத் திறந்து பீற்றிக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம். பெற்றவளுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

லேபிலிருந்து போனில் சொன்னார்கள். எண் ஏறவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அறைக்குப் போனேன். அவன் அப்போதுதான் அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரத்தத்துல என்னய்யா சொன்னாக?"

"நல்லா இருக்கும்மா. ஒண்ணுமே ஏறலை."

"அதுக்கு ஏன்யா எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவன் மாதிரி நிக்கிற?"

தூக்கம் இல்லை என்று ஏதோ முணுமுணுத்தேன். அம்மா தட்டைக் கீழே வைத்தாள். என் கையை இழுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். கழுத்து சில்லென்று இருந்தது.

"ஏய்யா," என்றாள், "உன் மனசு குளுர்றதுக்கு நான் காய்ச்சல்ல கெடக்கணுமா?"