மஞ்சள் பொட்டு ஆமையும் மீன்சாமியும்

என் தாய்மாமன் ஒரு ஏமாற்றுக்காரர். சொந்தக்காரர் என்பதற்காக இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. முதலில் ஒரு பசுமாட்டை ஏமாற்றினார். பிறகு என்னை ஏமாற்றினார். பசு வாயில்லாத ஜீவன், கேட்காது. எனக்கு வாய் இருக்கிறது.

இவர் இன்றைக்கும் மீனாட்சிபுரத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கிறார். பால் சொசைட்டிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் உருப்படமாட்டான் என்று முழங்குவார். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் தட்டுவதில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்தது இது. எங்கள் செவலைப் பசு ஒரு கிடாரிக் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடம் போகும்போது அதனிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. கழிச்சல் கண்டு செத்துப்போனது.

கன்று செத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். மடி கட்டிப்போகும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. செத்த கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்து, கறக்கும் நேரத்தில் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பாலை விட்டுவிடும். இந்த வேலையில் மாமா கெட்டிக்காரர். ஊரில் எந்தக் கட்டுத்தறியில் கன்று செத்தாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். என் கன்று கட்டுத்தறியில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச் சுட்டி அப்படியே இருந்தது. பிழைத்து வந்துவிட்டது என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். வயிற்றில் வைக்கோல் சரசரத்தது.

பக்கத்தில் ஊசியும் சணலுமாக உட்கார்ந்திருந்த மாமாவின் கையைக் கடித்துவிட்டேன். தழும்பு விழவில்லை, அதுதான் வருத்தம்.

"செவலைக்குத் தெரியாதாங் மாமா, இது பொய்க்கன்னுன்னு?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

கையை உதறிக்கொண்டே சொன்னார்: "தெரியுமோ என்னமோ கண்ணு. நக்கறதுக்கு ஒண்ணு வேணுமல்ல அதுக்கு."

அன்றோடு மாமாவுடன் பேச்சை நிறுத்தினேன். பால் குடிப்பதையும் நிறுத்தினேன். பத்து மாடு கட்டியிருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை பால் டம்ளரைத் தள்ளிவிடுவது பெரிய அவமானம். அம்மா திட்டினாள், அப்பா மிட்டாய் வாங்கி வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் பால் சொசைட்டிக்காரர்கள் கடற்கரைக்கு ஒரு பஸ் விட்டார்கள். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அங்க ஆமக்குட்டி உடறாங்களாமா. ஆருக்காச்சும் பாக்கோணும்னா வரலாம்."

சுவர் வரவில்லை. நான் போனேன்.

அது பங்குனி மாதம். மாமா பழனிக்கு மாலை போட்டிருந்தார். எங்கள் ஊர்க் காவடிக் கூட்டத்தில் வருடா வருடம் முதல் காவடி அவருடையது. மாலை போட்டால் கறி மீன் கிடையாது, செருப்பு கிடையாது, பொய் கிடையாது. இந்த மூன்றாவதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடற்கரையில் எங்களை எதிர்கொண்டது கழுத்தில் விசில் மாட்டிய ஒரு மலையாளத்துச் சேச்சி. சேச்சி என்றால் அக்கா. பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். அந்தப் பக்கத்து மீன்பிடிக் குடும்பங்கள் தாங்களே சேர்ந்து நடத்துகிற இடம் அது. கடலாமை கரையேறி முட்டையிட்டால், நாயும் நரியும் தோண்டுவதற்கு முன் எடுத்துவந்து வலைவேலிக்குள் புதைத்துக் காப்பார்கள். குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்குப் படகுச் சவாரியும் சோறும் உண்டு.

"பண்டு இதின்டெ முட்ட தின்ன ஆள்க்காரு ஞங்கள்," என்றாள் சேச்சி, எதையும் மறைக்காமல். "இப்போ ஞங்கள் தன்னே காவல்." ஒரு காலத்தில் முட்டையைத் தின்றவர்களே இப்போது காவலாம். எனக்கு அந்தப் பொம்பளையை அப்போதே பிடித்துவிட்டது.

அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். நீச்சல் தெரியாத அப்பா படகின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொக்கு, நாரை எதையும் பார்க்காமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்ததும் சோறு. மீன் குழம்பு ரத்தச் சிவப்பாக இருந்தது. குடம்புளியும் மிளகாயும் போட்டது, நாக்கில் வைத்தால் காது அடைக்கும். மாமா மட்டும் தென்னை மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சோற்றைத் தின்றார். காற்று மீன் வாசத்தை அவர் பக்கமே கொண்டுபோனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு சேச்சி ஒரு பெரிய பேசினைக் கொண்டுவந்து வைத்தாள். ஈரமணலில் கறுப்புக் கறுப்பாக ஆமைக்குஞ்சுகள். துடுப்பை அடித்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறின. வெயில் தாழ்ந்த பிறகுதான் விடுவோம், அதுவரை தொடாமல் பார்க்கலாம் என்றாள்.

எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். எப்படிப் பார்ப்பார்கள்? மாட்டுச் சந்தையில் பார்ப்பது போலத்தான். சொசைட்டி செக்ரட்டரி ஒரு குஞ்சைத் தூக்கி, கட்டைவிரலால் வாயைத் திறக்கப் போனார். விசில் பறந்தது.

"எந்தா செய்யுன்னது?"

"பல்லு பாக்கறனுங்க."

"பல்லு நோக்கான் இது காளையா? அதினு பல்லில்லா!"

"பல்லில்லாம எப்படிங்க வயசு சொல்றது?"

"இன்னலெ ஜனிச்சதா! வைக்கு தாழெ!"

நேற்றுப் பிறந்ததாம், கீழே வைக்கச் சொன்னாள். இன்னொருவர் முதுகில் சுழி தேடினார். அதற்கும் விசில். எங்கள் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, மாட்டுப் பிரசவம் பார்ப்பதில் பேர் போனவள். அவள் இடுப்பில் கை வைத்து நின்று கேட்டாள்: "ஏனுங்க, இதுகளோட அம்மா எங்கீங்க?"

"அம்மை முட்டையிட்டு போகும். பின்னே வரில்லா."

"பெத்ததோட செரியா? அப்பறம் சீம்பால் ஆரு குடுப்பா?"

சேச்சி வானத்தைப் பார்த்தாள். "பாலு வேண்டா சேச்சீ. இது ஆமையா, ஆமை!"

"என்ன ஆமையோ. எங்கூர்ல நாய்கூட இப்படிப் போட்டுட்டுப் போவாது," என்றாள் அத்தை.

நான் பேசினின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாம் ஏறி இறங்க, அது மட்டும் மூலையில் படுத்திருந்தது. எப்போதாவது ஒரு துடுப்பைத் தூக்கும், போட்டுவிடும். சேச்சி அதைப் பார்த்து, "அதினு க்ஷீணம். நோக்காம்," என்றாள். பலவீனமானது, பார்க்கலாம் என்று அர்த்தம். நான் அதுதான் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா தொண்டையைச் செருமினார். "வேற நல்லதாப் பாத்து எடு கண்ணு. அங்க பாரு, அது எப்படி ஓடுது."

"எனக்கு இதுதான்."

மாமாவிடம் நான் பல நாள் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அது.

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வரும் வழியில் கோயிலில் வாங்கிய மஞ்சள் பொட்டலம் அதில் இருந்தது. எங்கள் பக்கம் கன்று பிறந்தால் கண்ணேறு படாமல் நெற்றியில் மஞ்சள் வைப்பார்கள். சேச்சி அந்தப் பக்கம் திரும்பியதும், அத்தை எச்சிலில் மஞ்சளைக் குழைத்து என் குஞ்சின் ஓட்டில், தலைக்குப் பக்கத்தில், ஒரு பொட்டு வைத்தாள். கறுப்பு ஓட்டில் பளிச்சென்று இருந்தது. சேச்சி திரும்பிப் பார்த்துவிட்டு ஊதிய விசிலில் காக்கைகள் பறந்தன.

"கன்னுக்கு வெக்காமயா உடறது?" என்று அத்தை அவளையே அதட்டினாள்.

வெயில் தாழ நேரமிருந்ததால் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது மாமா சவுக்கு மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை நிரவிக்கொண்டிருந்தார்.

"என்னங் மாமா தேடறீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "மாலைல ஒரு மணி உழுந்துருச்சு கண்ணு."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நானும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். "இங்க வேண்டாஞ் சாமி, அக்கட்டத் தேடு," என்று என் கையைப் பிடித்துத் தள்ளி உட்காரவைத்தார். அந்த மணி அன்றைக்குக் கிடைக்கவில்லை.

சூரியன் கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் சேச்சி கயிறு கட்டினாள். அதற்கு இந்தப் பக்கம் நாங்கள். பேசினைச் சாய்த்ததும் குஞ்சுகள் மணலில் இறங்கின. எங்கள் ஆட்கள் ஜல்லிக்கட்டுக்கு வந்தவர்கள் போலக் கத்தினார்கள். "ஹோ! ஹோ! அக்கட்டப் போ! எட்டி வெய்யி!" என் குஞ்சைக் காணாமல் கயிற்றின் மேல் எக்கி எக்கிப் பார்த்தேன். அப்போது மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"அதா பாரு உன்ற கன்னு!"

மஞ்சள் பொட்டோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் படுத்திருந்ததா இது? எல்லாவற்றையும் முந்திக்கொண்டு, நண்டு வளைமேல் ஏறி இறங்கி ஓடியது. ஆனால் பொட்டு வால் பக்கத்தில் இருந்தது.

"மாமா, பொட்டு முன்னாலயல்ல இருந்துச்சு?"

"ஓடற ஓட்டத்துல பின்னால நகந்துருச்சு கண்ணு."

அது எனக்கு நியாயமாகவே பட்டது. அவ்வளவு வேகம். அலை வந்து அதைத் தூக்கியது, பொட்டு ஒருமுறை மின்னியது, போய்விட்டது. நான் மாமாவின் தலையைக் கட்டிக்கொண்டு கத்தினேன். சேச்சி கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொட்டைப் பார்த்தால் ஊதுகிறவள், இந்த முறை விசிலைத் தொடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். பாதி வழியில் அவர் வலது கை ஆள்காட்டி விரல் என் கண்ணில் பட்டது. நுனி மஞ்சளாக இருந்தது.

"இதென்னங் மாமா?"

விரலை மடக்கினார். ஒரு கணம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒண்ணுமில்ல, மீன் கொழம்பு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குஷி வந்ததோ! சீட்டின்மேல் ஏறி நின்று அறிவித்தேன்: "மாமா மாலையோட மீன் தின்னுட்டாரு!"

பஸ்ஸே குலுங்கியது. "ஏனுங் சாமி, வறுத்ததா கொழம்புங்களா?" என்றார் செக்ரட்டரி. "முருகனுக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சீங்களா?" என்றார் இன்னொருவர். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். மாமா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார்.

அந்த வருடம் காவடிக் கூட்டத்தை நடத்திப்போகிற குருசாமி அவரை முதல் காவடி எடுக்க விடவில்லை. கூட்டத்தின் கடைசியில் நடந்தார். 'மீன்சாமி' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் இன்றுவரை போகவில்லை. சின்னப் பையன்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை இந்த மனிதர். நான் மறுநாள் காலை பால் டம்ளரை எடுத்துக் குடித்தேன். என் ஆமை கடலில் நீந்துகிறது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு மாமா விரலை ஏன் மடக்குகிறார் என்று யோசிக்க எட்டு வயதில் யாருக்குத் தெரியும்?

போன வாரம் என் மகளின் காதுகுத்துக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தேன். கை கழுவினேன், நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கடற்கரையில் எங்களுக்குப் போட்ட மீன் குழம்பு சிவப்பு. மாமா தின்றது தயிர்ச்சோறு. மஞ்சள் வைத்தது அத்தையின் விரல். அப்புறம் அவர் விரல் எப்படி மஞ்சளானது? விசில்காரச் சேச்சியிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினார்? மூலையில் படுத்திருந்த என் குஞ்சு எங்கே போனது? சவுக்கு மரத்தடியில் அந்த மணி ஏன் கிடைக்கவில்லை?

மாமா, வரும் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. மண்டபத்தில் மைக்குக்குச் சொல்லியிருக்கிறேன். ஊரே வரும், குருசாமியும் வருவார், பஸ்ஸில் சிரித்தவர்களில் உயிரோடு இருக்கிற எல்லோரும் வருவார்கள். நீங்கள் எப்படியும் மைக்கைப் பிடிப்பீர்கள். பாலையும் தண்ணீரையும் விடுங்கள். அன்றைக்கு மீன் தின்றீர்களா, இல்லையா? எல்லோர் முன்னாலும் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குங்கள்.