யாரும் கத்தவில்லை

கச்சிபௌலி அலுவலகத்தில் எங்கள் டீமுக்குத் தலைவியாக இருந்த மேடத்தின் மேஜை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அவர் பார்த்துக்கொண்ட லினக்ஸ் சர்வர்களும் அப்படியே. தேவையில்லாத மென்பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. பயன்படாமல் கிடப்பது ஒவ்வொன்றும் திருடனுக்குத் திறந்து வைத்த கதவு என்பார். நியாயமான பேச்சுதான். நானே மாய்ந்து மாய்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

மேடம் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். எதையும் நீக்குமுன் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் அந்த மென்பொருளை நிறுத்திவிட்டுச் சில நாள் காத்திருப்பார். யாராவது போன் செய்து கத்தினால் திரும்ப ஓடவிடுவார், இல்லாவிட்டால் அழித்துவிடுவார். "யாரும் கத்தலையா? அப்ப நக்கோ, வேணாம், தூக்கிடு!" என்று சிரிப்பார். எங்கள் அறையில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களை வைத்திருந்த சர்வரும் அவர் பொறுப்பில் இருந்தது. அதில் மெயில் அனுப்பும் சின்ன மென்பொருள் ஒன்று கிடந்தது. "படம் வைக்கிற மெஷின் யாருக்கு லெட்டர் போடப்போகுது?" என்றார். நிறுத்தினார். யாரும் கத்தவில்லை. அழித்தார். அந்த மெஷினுக்குச் சொல்வதற்கென்று ஒரே ஒரு விஷயம் இருந்தது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. படங்கள் இரண்டு டிஸ்குகளில் ஒரே மாதிரி பதிவாகும். ஒன்று செத்தால், உடனே மாற்றச் சொல்லி எங்களுக்கு மெயில் வரும். அந்த மெயில் போகிற வழிதான் அடைபட்டுப் போனது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த சர்வரிடமிருந்து சத்தமே இல்லை. மேடத்துக்கு அதில் அவ்வளவு பெருமை. "பாரு, எவ்ளோ சமத்தா இருக்கு!" என்பார். உள்ளே ஒரு டிஸ்க் செத்து, மற்றது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வேறோர் இடத்தில் நகல் வைக்கும் திட்டம் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் ஒப்புதலுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, அந்த இரண்டாவது டிஸ்கும் நின்றது.

நானும் மேடமும் கேப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றைக்குத்தானா ஸ்கேன் பார்க்க ஓர் அம்மா வர வேண்டும்! அல்வால் என்ற பகுதியிலிருந்து வந்திருந்தார், தலைக்குள் கட்டி. எங்கள் சர்வரில் இருந்த பழைய படத்தோடு ஒப்பிட்டு, வளராமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், படம் இல்லையென்றால் காத்திருக்கத் துணிவில்லை, தலையைத் திறக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு அந்த அம்மாவின் கணவர் எழுந்து வந்தார். "பழைய படம் கெடச்சுதாம்மா?"

மேடம் சுற்றிவளைக்கவில்லை. "இல்லைங்க. போயிடுச்சு. இனிமே வராது. என் மேலதான் தப்பு."

அவர் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவரோ, "ஹவ்மா, சரி... அப்ப ஆபரேஷனே பண்ணிடச் சொல்றேன்," என்று டாக்டர் அறைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மேடம் வேலையை விட்டுவிட்டார். நான் அதே கச்சிபௌலியில்தான் இருக்கிறேன். ஏதாவது ஒரு சர்வர் சில நாள் பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த அம்மா ஆபரேஷனில் பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் இன்றுவரை எழவில்லை. கட்டி வளர்ந்துகொண்டிருந்ததா, தொடாமலே விட்டிருக்கலாமா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.