ஈவ்ஸ்டிராப்பிங்கும் எங்கள் பெரியப்பாவும்

இன்று ஒரகடத்தில், எங்கள் கம்பெனி ட்ரெயினிங்கில்...

“ஈவ்ஸ்டிராப்பிங் கூடாது” என்றார்கள். ஒட்டுக்கேட்பதாம்.

சும்மா இருக்காமல் போனில் தேடினேன்.

ஈவ்ஸ் என்றால் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்பாம். அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் இடத்துக்குத்தான் முதலில் ஈவ்ஸ்டிராப் என்று பெயராம். அங்கே நின்று வீட்டுப் பேச்சைக் கேட்பவனுக்கும் அதுவே பெயராகிவிட்டதாம்.

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே எங்கள் பெரியப்பா.

1991. தண்டலம் பக்கம் எங்கள் வீடு. அப்பா ஓலையை எடுத்துவிட்டு ஷீட் போட்டார்.

நம் கூரைத் தண்ணீர் நம் மனையிலேயே விழ வேண்டும். ஊர் வழக்கம் அது. அப்பா சுவரை அளந்தார், ஷீட்டின் நீட்டலை அளக்கவில்லை. ஒரு சாண் பக்கத்திலிருந்த பெரியப்பா மனைக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்க, மனுஷன் எங்கள் ஜன்னலோரமே கதி.

(மழையே பெய்யாத மாசி மாதத்திலும்.)

அப்போது அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கல்யாணமானால் பொண்ணு வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் கண்டிஷன்.

ஒரு சாயங்காலம் அக்கா ஓவென்று அழுதாள்.

“எனக்கு இந்த மாப்பிள வேணாம்பா. நான் கம்பெனி வேலைக்குப் போறேன்.”

“வாக்கு குடுத்தாச்சு. வாய மூடு” என்றார் அப்பா.

மறுநாளே பெரியப்பா மாப்பிள்ளை வீட்டில். “பொண்ணுக்கு இஷ்டமில்லியாமே?”

சம்பந்தம் முறிந்தது. அப்பா போய்க் கத்தினார்.

“இன்னாண்ணா நீ, எம்பொண்ணு கல்யாணத்த கெடுத்துட்டியே. அங்க எதுக்கு நின்ன?”

“உன் ஷீட்டு தண்ணி என் மனையில ஊத்துது. என் எடத்துல நான் நிக்கக் கூடாதா?”



அந்த வருஷமே அக்கா வேலையில் சேர்ந்தாள். பிறகு அவளுக்குப் பிடித்த இடத்தில் கல்யாணமும் ஆனது. ஆனாலும் எனக்குப் பெரியப்பா மேல் ஆத்திரம் ஆறவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று அக்காவுக்கு போன் போட்டு இந்த வார்த்தைக் கதையைச் சொல்லி, மறுபடியும் அவரைத் திட்டினேன்.

“டேய், அவர ஏன்டா திட்ற? அவரு நெழலு சுவத்துல தெரிஞ்சுது. அதான் அன்னிக்கி சத்தமா அழுதேன்.”

இத்தனை வருஷமும் நான் திட்டியதை எந்தக் கணக்கில் எழுதுவது மக்களே?