என் வாயில் வேறொருத்தியின் பேச்சு

பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எனக்கு, உள்ளூர்த் தமிழ் நாடகம் ஒன்றில் அக்கா வேடம் கிடைத்தது. சும்மா இருப்பேனா? ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். ஒளிபரப்பான அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் வரவேற்பறையில் கூடிவிட்டார்கள்.

அப்பாவைத் தொலைக்காட்சிக்கு அருகில் உட்கார வைத்தேன். சர்க்கரை நோயால் பார்வையை இழந்தவர். ஒரு காலத்தில் கேசட் கடையில் டப்பிங் செய்து கொடுத்தார். ஒரு கேசட்டில் உள்ள பாட்டை இன்னொன்றில் அப்படியே ஏற்றுவதைத்தான் அப்போது அப்படிச் சொன்னார்கள். என் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

திரையில் நான் வந்தேன். தங்கையைப் பார்த்து, "பசியாறிட்டியா?" என்று கேட்க வேண்டும். காலையில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்போம், படப்பிடிப்பிலும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் என் வாய் அசைய, "டிபன் சாப்ட்டியாடி?" என்று யாரோ சென்னைக்காரியின் குரல் வந்தது.

குரலை மாற்றப் போவதாக எனக்கு யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என் காதருகே குனிந்தார்.

"உனக்கு டப்பிங் போட்டுட்டாங்க லா. தமிழ்நாட்டுல விக்கணும்னா நம்ம பேச்சு சரிப்படாதாம்."

அவர் சிரிக்கக்கூட இல்லை, பரிதாபப்பட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. கூனிக்குறுகிப் போனேன்.

"நீ எப்பம்மா வருவ?" என்றார் அப்பா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வந்துட்டேன்பா. இப்பப் பேசுறது நாந்தான்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "இவ்ளோ அழகாப் பேசுவியா? வீட்டுல ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லையே!"

உண்மை வாய் வரை வந்தது. அக்காக்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ரொட்டி சானாய் வாங்கி வந்து தட்டில் வைத்தேன்.

"பசியாறுங்கப்பா."

அப்பா தட்டில் கை வைக்கவில்லை. குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே, "டிவியில பேசுன மாதிரி சொல்லும்மா" என்றார்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவரால் பார்க்க முடியாது என்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் குரலை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு, அவளைப் போலவே இழுத்து, "டிபன் சாப்பிடுங்கப்பா" என்றேன்.