ரோசா கட்டிய காலாப்பட்டு

“இருங்க சார், ஒரே ஒரு ஐஸ் கட்டி வச்சிட்டு வந்துடறேன்” என்கிறாள் ரோசா.

ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பவர் கடைக்குள் எட்டிப் பார்க்கிறார். இரண்டு ஜெராக்ஸ் இயந்திரங்கள், ஒரு மேசை விசிறி, சுவரில் மாதா படம். ஐஸ் எங்கேயும் தென்படவில்லை. ரோசாவின் கட்டைவிரல் கைபேசித் திரையில் எதையோ இழுத்துப் போய் ஓரிடத்தில் வைக்கிறது. பிறகு கொஞ்சம் தள்ளுகிறது. மறுபடியும் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறது. “முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமுமா சார்?” என்று அவள் நிமிரும்போது, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவளின் நிம்மதி அவள் முகத்தில் இருக்கிறது.

நெல்லித்தோப்பில் இந்தக் கடைக்கு வழக்கமாக வருபவர்களுக்கு விஷயம் தெரியும். அது ஓர் ஆன்லைன் விளையாட்டு. நண்டு, ஆமை, கோழி என்று சின்னச் சின்னப் பிராணிகள் ஓடிக் குதித்துப் பள்ளம் தாண்டி, கடைசியில் நட்டிருக்கும் கொடியைத் தொட வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடலாம். ரோசாவுக்கு ஓடுவதில் அவ்வளவு ஆசை கிடையாது. ஓடுகிறவர்களுக்குப் பாதை கட்டித் தருவதுதான் அவள் வேலை. செங்கல், ஐஸ், முள் என்று கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி ஒரு முழு லெவல் கட்டலாம்.

கட்டைகளுக்கு விளையாட்டுக்காரர்கள் வைத்த பெயர் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. மிதித்தால் பொடிந்துபோகும் கட்டை, ரஸ்க். மேலே தூக்கி எறிவது, மெத்தை. சும்மா நிற்பவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும் கட்டையின் பெயர், மாமியார். லெவல்களின் பெயர்களும் அப்படித்தான், எல்லாம் பக்கத்து ஊர்கள். ‘நோணாங்குப்ப’த்தில் படகுக்குப் படகு தாவ வேண்டும். ‘பிள்ளைச்சாவடி’யில் ஓடுகிறவரின் பின்னாலேயே கடல் தரையைத் தின்றுகொண்டு வரும், நின்று யோசித்தால் போயிற்று.

நேரில் ரோசாவைப் போலச் சாது கிடையாது. கசங்கிய தாளை நீவிவிட்டுத்தான் நகல் எடுப்பாள். ஸ்டேப்ளர் அடிக்கும்போது தாளுக்கு வலிக்குமோ என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொள்வாள். அதே ரோசா லெவல் கட்ட உட்கார்ந்தால் கதை வேறு. கஷ்டமான தாவலை முடித்து, அப்பாடா என்று ஒருவன் கால் ஊன்றும் இடம் எதுவோ, அங்கே கொண்டுபோய் முள்ளை வைப்பாள்.

“மூச்சு வுட்டான்னா அந்த எடத்துலதான் குத்தணும்” என்பாள் மெதுவான குரலில்.

குத்துப்பட்டவர்கள் பல மொழிகளில் திட்டுவார்கள். ஸ்பானிஷ் வசவுகளைப் பார்த்து, “வாழ்த்து சொல்றாங்களா?” என்று மகளிடம் கேட்டிருக்கிறாள். “அப்டியே வச்சிக்கம்மா” என்றாள் மகள். பிரெஞ்சு வசவில் மட்டும் ஒன்றை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவள் மாமனார், நாய் பாலைத் தட்டிவிடும்போதெல்லாம் அந்த வார்த்தையைத்தான் சொல்வார்.

மகள் மெரின், கல்யாணமாகிப் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறாள். புருஷனுக்கு ஷிப்ட் வேலை. போன புதிதில் அம்மாவும் மகளும் போனில்தான் பேசிக்கொண்டார்கள். “சாப்ட்டியா?” “சாப்ட்டேன். நீ?” “ஆச்சு.” அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் விசிறிச் சத்தம். “சரிம்மா, வச்சிடறேன்.” இந்த விளையாட்டை அம்மாவின் கைபேசியில் ஏற்றிவைத்துவிட்டுப் போனவள் மெரின்தான். அதில் ஓடிக்கொண்டே பேசலாம் என்று தெரிந்ததும் இருவரும் அங்கே குடிபோனார்கள். மெரின் ஆரஞ்சு ஆமை. ரோசா மஞ்சள் நண்டு.

விழுந்து எழுந்து ஓடும்போது மெரினின் வாய் தானாகத் திறந்தது. குளிர், பக்கத்து வீட்டுப் பூனை, சொதப்பிய ரசம் எல்லாம் வந்தன. ஆனால் கொடியைத் தொட்டதும், “முடிஞ்சிடுச்சு. சரிம்மா, வச்சிடறேன்.” அந்த வாரத்தில்தான் ரோசா முதல் முள்ளை வைத்தாள்.

அப்படி வளர்ந்ததுதான் ‘காலாப்பட்டு’. மெரின் காலாப்பட்டில் படித்த காலத்தில் தினமும் தவறவிட்ட பஸ்தான் அதற்கு மூலம். வரிசையாகப் பஸ்கள் ஓடும். கூரைக்குக் கூரை தாவ வேண்டும். கடைசிப் பஸ், ஆள் வந்து சேரும் நேரம் பார்த்துக் கிளம்பிவிடும். தவறினால் முள். மெரின் ஒவ்வொரு முறை அதை நெருங்கும்போதும் ரோசா லெவலின் வாலில் இன்னும் கொஞ்சம் கட்டிச் சேர்த்துவிடுவாள்.

உலகம் பொறுமை இழந்தது. “யாராலும் முடிக்க முடியாத லெவல்” என்று பலர் புகார் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டியவரே ஓடி முடித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நீக்கிவிடுவோம் என்று விளையாட்டிலிருந்து எச்சரிக்கை வந்தது. தனியாகவும் ஓடலாம், கூட்டாகவும் ஓடலாம். கட்டைகளை மாற்றினாலும் தடையில்லை.

ரோசாவுக்கு ஓடத் தெரியாது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. தான் வைத்த ரஸ்க்கில் தானே பொடிந்தாள். தான் வைத்த மாமியார் அவளையே தள்ளிவிட்டது. பத்திரம் நகலெடுக்க வந்தவருக்கு ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாக வந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல இன்னாம்மா இருக்கு?” என்றார்.

வீட்டில் கணவர் சூசைநாதன், ஏசி மெக்கானிக், எதையும் சுருக்கமாகப் பழுது பார்ப்பவர், வழி சொன்னார்: “நீ வச்ச முள்ளுதானே. நீயே எடுத்துட்டுப் போ.”

“எடுத்தா அது காலாப்பட்டா இருக்காதுங்க.”

“இல்லாட்டி காலாப்பட்டே இருக்காது.”

அன்று மீன் குழம்பில் உப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பகல் சாப்பாடும் ஆன பிறகு நண்டும் ஆமையும் சேர்ந்து ஓடின. மெரினுக்கு அங்கே காலை நேரம். பஸ்களின் மேல் ஆமை முன்னால் தாவிப் போய் நிற்கும்; நண்டு பின்னால் விழுந்து, முதலிலிருந்து வரும். கடைசிப் பஸ்ஸில் எப்போதும் கதை முடிந்தது. சூசைநாதன் கட்டிலில் படுத்து, தூங்குவதுபோல ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ம்மா, நீ சும்மா குதிச்சா எட்டாது. நான் கீழ நிக்கறேன். என் தலை மேல ஏறிக் குதி.”

“முள்ளு குத்துமேடி.”

“முள்ளுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. எத்தினி வாட்டி வுழுந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

ஆமை சந்தில் இறங்கி நின்றது. நண்டு வந்துகொண்டிருந்தது. காத்திருந்த இடைவெளியில் மெரின் சொன்னாள், “இங்க பேசறதுக்கு யாருமே இல்லம்மா. அவரு வந்ததும் தூங்கிடறாரு. சில நாளு உங்கிட்டதான் மொத மொத வாயத் தொறக்கறேன்.”

ரோசாவின் விரல் நின்றுவிட்டது. நண்டு பஸ்ஸின் கூரையிலேயே நின்றபடி ஊர்வலம் போல நகர்ந்தது.

“அழுவறியா?” என்றாள்.

“இல்ல. நீ குதி. எனக்குக் கழுத்து வலிக்குது.”

ரோசா குதித்தாள். ஆமையின் முதுகில் ஒரு கால், அங்கிருந்து ஒரே எழும்பல், கடைசிப் பஸ்ஸின் பின்புறத்தை நண்டு எப்படியோ பற்றி ஏறியது. கொடியைத் தொட்டதும் திரையெங்கும் வண்ணத் தாள்கள் பறந்தன. காலாப்பட்டு பிழைத்தது என்று அறிவிப்பு வந்தது. சூசைநாதன் இரண்டாவது கண்ணையும் திறந்தார்.

“பரவால்லம்மா, நல்லாவே குதிக்கற” என்றாள் மெரின். “சரி, நான் மார்க்கெட்டுக்குப் போவணும். வச்சிடட்டா?”

“போய்ட்டு வா. சூடா எதுனா போட்டுக்க.”

ஆமை மறைந்தது. சூசைநாதன் எழுந்து உட்கார்ந்து, “அப்பாடா. இனிமே இதுல கை வைக்காத. அப்டியே இருக்கட்டும்” என்றார்.

“சரிங்க” என்றாள் ரோசா. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். கொடியின் மேல் கட்டைவிரலை வைத்து, அதைப் பிடுங்கி, காலியாகக் கிடந்த திரையில் வலது பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள்.